34,008 வெள்ளியும் ஏழு வேலை நாளும்: ஒரு பட்டப்படிப்பு முடிவின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு சமூக மன்றத்தில், சனிக்கிழமை காலைகளில், மேற்படிப்பு பற்றிக் குழம்பி வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். இது தொண்டூழியம். பிழைப்புக்குப் பார்ப்பது நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் வேலை. அதில் 14 ஆண்டு ஆகிறது. கீழே உள்ளது 2024 ஜூலையில் வந்த ஒரு குடும்பத்தின் கதை. அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள் இல்லை, அந்தக் கல்லூரியின் பெயரும் இல்லை. தனியார் கல்லூரியா, அரசு மானியம் பெறும் பல்கலைக்கழகமா என்று ஒவ்வோர் ஆண்டும் பல வீடுகளில் இதே பேச்சு நடக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி பதிவு செய்வது உதவும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

அப்பாவுக்கு 55 வயது, பேருந்து ஓட்டுநர். அம்மா ஒரு தொடக்கப்பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் கடை உதவியாளர். மகளுக்கு 28, மகனுக்கு 22. மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் டிப்ளோமா முடித்துவிட்டு, ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையையும் அந்த ஆண்டு ஏப்ரலில் முடித்திருந்தான். டிப்ளோமாவில் மதிப்பெண் சராசரி (ஜிபிஏ) நான்குக்கு 2.7.

சிங்கப்பூரில் அரசு மானியம் பெறும் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் ஆறு. அவற்றில் மூன்றுக்கு, சேவையில் இருந்தபோதே விண்ணப்பித்தான். மூன்றிலும் இடம் கிடைக்கவில்லை. கடைசிக் கடிதம் மே மாதம் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை என்று அம்மா பின்னால் சொன்னார்.

ஜூலையில் ஒரு தனியார் கல்லூரியின் அறிமுக நாளுக்குப் போனார்கள். பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்று வழங்கும் வணிக நிர்வாகப் பட்டம். டிப்ளோமா வைத்திருப்பவர்களுக்கு இரண்டே ஆண்டு. உலகத் தரவரிசையில் அந்தப் பல்கலைக்கழகம் நடுவில் எங்கோ நிற்கிறது. மோசம் என்று சொல்ல முடியாது, பெயரைக் கேட்டதும் யாரும் நிமிர்ந்து பார்க்கவும் மாட்டார்கள். மாத முடிவுக்குள் சேர்ந்தால் சலுகை என்றார்கள். ஒரு திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, விண்ணப்பக் கட்டணம் 327 வெள்ளியும் எட்டுத் தவணையில் முதல் தவணையாக 4,251 வெள்ளியும் கட்டினார்கள்.

சனிக்கிழமை: முதல் சந்திப்பு

அந்த வாரச் சனிக்கிழமை மூவரும் வந்தார்கள். சேரலாமா வேண்டாமா என்று கேட்க வரவில்லை. அது முடிந்த கதை. அப்பா கேட்டது இதுதான்: “தம்பி, சேமநிதியிலேர்ந்து இதுக்கு எடுக்க முடியுமா? சும்மாதானே கெடக்குது. எடுத்தா பேங்க் பக்கம் போக வேணாம்.”

படிப்புக்கென்று எடுக்க முடியாது. ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியின் கல்விக் கடன் திட்டம், அரசு மானியம் உள்ள அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் படிப்புகளுக்குத்தான். தன்னாட்சிப் பல்கலைக்கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி போன்றவற்றுக்கு உண்டு. இவர்கள் சேர்ந்த தனியார் கல்லூரிக்கு இல்லை. தன்னாட்சிப் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கல்வி அமைச்சின் கட்டணக் கடனும் உண்டு. மானியம் போக மீதிக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கிடைக்கும், படிக்கும் காலத்தில் வட்டி கிடையாது. அதுவும் இங்கே இல்லை. இதைச் சொன்னபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மா கைப்பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தார்.

நாட்காட்டியில் கிழித்த தாள். முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம். பின்பக்கம் பென்சிலில் கணக்கு. சேமிப்பு 11,000. வங்கிக் கடன் 20,000. கடைசி வரியில் ‘வளையல்’ என்று மட்டும் எழுதி, பக்கத்தில் 3,000. கூட்டினால் 34,000. கல்லூரிக் கட்டணம் 31,200 என்று கையேட்டில் பெரிய எழுத்தில் இருந்தது. 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 34,008. அந்த எட்டு வெள்ளியைக்கூட அம்மா விடவில்லை. தாளின் மூலையில் 8 என்று எழுதி வட்டமிட்டிருந்தார்.

வங்கி சொன்ன வட்டி 4.5 விழுக்காடு, ஐந்து ஆண்டு. மாதம் 373 வெள்ளி வரும். பையன் வேலைக்குப் போகும்வரை அதைக் கட்ட வேண்டியவர் அப்பா.

அப்பாவிடம் ஒரு வாதம் இருந்தது. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு, மானியம் போக, தேசியப் பல்கலைக்கழகத்தின் பொதுவான பட்டப்படிப்புகளுக்கு ஆண்டுக்கு எட்டாயிரம் வெள்ளிக்குச் சற்று மேல் ஆகிறது. நான்கு ஆண்டு என்றால் 33,000 பக்கம். “அங்கயும் முப்பத்துமூணு, இங்கயும் முப்பத்துநாலு. இங்க ரெண்டு வருஷத்துல முடிஞ்சிடும். மிச்ச ரெண்டு வருஷம் சம்பாதிப்பான்ல?” என்றார். கணக்கு சரிதான். தனியார் கல்லூரி என்றாலே கொள்ளை என்று பேசுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

நான் அப்போது செய்தது தவறு. வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பின் எண்களை எடுத்து மேசையில் வைத்தேன். 2023-இல் தன்னாட்சிப் பல்கலைக்கழகப் பட்டதாரிகளில், வேலைச் சந்தைக்கு வந்தவர்களில், 84.1 விழுக்காட்டினர் முழுநேர நிரந்தர வேலையில் இருந்தார்கள். இடைநிலைச் சம்பளம் 4,313 வெள்ளி. அதே காலத்தில் தனியார் கல்வி நிலையங்களின் புதிய பட்டதாரிகளில் அது 58.7 விழுக்காடு, சம்பளம் 3,400. நான் வாசித்து முடித்ததும் அப்பா கேட்டார்: “என் மக அங்கதான் படிச்சா. அவ ஒண்ணும் கெட்டுப் போகலயே?” மகளைப் பற்றி எனக்கு அதுவரை தெரியாது. அவர் காதில் விழுந்தது எண்கள் அல்ல, மகளைப் பற்றிய தீர்ப்பு. அதற்குப் பிறகு அரைமணி நேரம் அவர் என் முகத்தைப் பார்த்தே பேசவில்லை.

கிளம்பும்போது ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னேன். 2009-இல் வந்த தனியார் கல்விச் சட்டத்தின்கீழ் இந்த ஒப்பந்தத்துக்கு ஒரு பொதுவான படிவம் உண்டு. அதில் இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு ஏழு வேலை நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் எழுத்துமூலம் விலகினால், கட்டிய பாடக் கட்டணத்தில், பணத்தைத் திருப்பித் தரும் அட்டவணையில் உள்ள ஆக உயர்ந்த விழுக்காடு கிடைக்கும். முழுத் தொகையும் வரும் என்று அர்த்தமில்லை. இவர்கள் அட்டவணையில் அது 90 விழுக்காடு. திங்கட்கிழமை போட்ட கையெழுத்து, நடுவில் சனி, ஞாயிறு. புதன்கிழமையோடு அவகாசம் முடிகிறது. அந்தப் பக்கத்தை அவர்கள் அதற்குமுன் படித்திருக்கவில்லை. பன்னிரண்டு பக்கத்தில் ஏழாவது பக்கம்.

ஞாயிறு: மகள் சொன்னது

மறுநாள் மாலை வீட்டுக்கு வரச் சொல்லி அம்மாதான் அழைத்தார். நாலறை வீடு. வாசலில் கோலம் ஒட்டியிருந்தது. மகள் தன் கைக்குழந்தையோடு வந்திருந்தார்.

அவரும் 21 வயதில் இதேபோல ஒரு நிலையத்தில் சேர்ந்தவர். ஆனால் எப்படி? பகலில் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கு எழுத்தர், மாலையில் வகுப்பு. படித்தது கணக்கியல். பட்டம் முடிந்ததும் ஏசிசிஏ என்ற கணக்காளர் தொழில்தகுதித் தேர்வுகளில் ஒன்பது தாளுக்கு விலக்குக் கிடைத்தது. மொத்தம் 13. மீதி நான்கை மூன்று ஆண்டில் எழுதி முடித்தார். இப்போது கணக்குப் பிரிவில் மூத்த அதிகாரி.

“அண்ணே, என்னை எந்தக் காலேஜ்னு யாரும் கேக்கலே. ஏசிசிஏ முடிச்சிட்டியான்னுதான் கேட்டாங்க” என்றார். இரண்டு நாளாக நான் சொல்லத் திணறியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். கல்லூரிக்கு வெளியே ஒரு தேர்வு நிற்கும் துறையில், தாள் எங்கிருந்து வந்தது என்பது அவ்வளவு பெரிதில்லை. தேர்வே எடைபோட்டுவிடும். வணிக நிர்வாகத்தில் அப்படி ஒன்று இல்லை. அங்கே முதல் சல்லடையில் விண்ணப்பத்தைப் பார்ப்பவர்களில் நானும் ஒருவன். இருநூறு விண்ணப்பம் வந்து கிடக்கும் காலை நேரத்தில், அனுபவம் இல்லாத ஒருவரின் பொதுவான பட்டத்தில் முதலில் தெரிவது பல்கலைக்கழகத்தின் பெயர்தான். நியாயம் என்று சொல்லவில்லை. நடப்பது அதுதான்.

இன்னொன்றையும் அப்பாவிடம் விளக்கினேன். ஒரு கல்வி நிலையம் பதிவு பெற்றிருக்கிறது, எடுடிரஸ்ட் என்ற தரச் சான்றிதழ் வைத்திருக்கிறது என்றால் அதன் நிர்வாகமும் கட்டணப் பாதுகாப்பும் ஒழுங்காக இருக்கின்றன என்று பொருள். அங்கே வாங்கும் பட்டத்தை அரசு மதிப்பிட்டு அங்கீகரித்தது என்று பொருள் இல்லை. வெளிநாட்டுப் பட்டங்களை மொத்தமாக அங்கீகரிக்கும் அமைப்பு எதுவும் சிங்கப்பூரில் இல்லை. மருத்துவம், சட்டம், பொறியியல் போன்ற துறைகளுக்கு அந்தந்தத் தொழில்முறை அமைப்பு பட்டியல் வைத்திருக்கும். மற்றவற்றில் முதலாளி ஏற்றால் உண்டு.

நேற்று வாசித்த எண்களைப் பற்றியும் பேசினேன். அந்த 58.7 கல்லூரியின் தரத்தை மட்டும் காட்டுவதில்லை. பல்கலைக்கழகங்கள் முதலில் தேர்ந்தெடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியவர்களில் பலர் அங்கே போகிறார்கள், தொடக்கமே வேறு. அதே பையன் எங்கே படித்திருந்தாலும் இடைவெளியில் ஒரு பகுதி இருந்திருக்கும். இதைச் சனிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும்.

திங்கள்: பையனோடு தனியாக

இதுவரை பையன் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். திங்கட்கிழமை மாலை அவர்கள் புளோக்கின் கீழே காப்பிக் கடையில் சந்தித்தோம். தே ஓ வாங்கி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் மழையைப் பற்றிப் பேசினோம்.

வணிக நிர்வாகத்தை ஏன் எடுத்தாய் என்றேன். “அப்பா ஹேப்பியா இருந்தார், அங்கிள்.” அவ்வளவுதான் பதில்.

டிப்ளோமாவில் எது பிடித்தது என்றபோது கைபேசியை எடுத்தான். ஆறு மாத வேலைப்பயிற்சியில் ஒரு வணிகக் கட்டடத்தின் குளிரூட்டு இயந்திர அறையில் இருந்திருக்கிறான். இரண்டு படம். முதல் படத்தில் செப்புக் குழாய்களின் வாய், உள்ளே சாம்பல் நிறத்தில் செதில் படிந்து துவாரம் பாதியாகச் சுருங்கியிருக்கிறது. இரண்டாவதில் அதே குழாய்கள், தூரிகை விட்டுத் தேய்த்த பிறகு, புதுக் காசு மாதிரி. செதில் கொஞ்சம் படிந்தாலே இயந்திரம் எவ்வளவு கூடுதல் மின்சாரம் தின்னும், வெளியே வரும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் உள்ளே குளிர்பதன வாயு திரவமாகும் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கால்மணி நேரம் சொன்னான். தேநீர் ஆறிப்போனது.

இரண்டு ஆண்டுக்கு முன் எடுத்த படங்கள். தேசிய சேவையில் கைபேசி மாற்றியபோதும் அழிக்காமல் வைத்திருக்கிறான். ஜிபிஏ 2.7 என்று ஏட்டில் இருக்கும் பையன் இவன்தான். முதல் ஆண்டுக் கணிதத்தில் விழுந்தது கடைசிவரை மேலே வரவில்லை, மற்றபடி பட்டறைப் பாடங்களில் நன்றாகவே செய்திருக்கிறான்.

முடிவும் அதன் காரணங்களும்

மேசையில் நான்கு வழிகள் இருந்தன. ஒப்பந்தப்படி தொடர்வது. மகள் மாதிரி வேலை பார்த்துக்கொண்டே தனியாரில் மாலை நேரம் படிப்பது. வேலைக்குப் போய் அனுபவம் சேர்த்து, அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிப்பது. அல்லது சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் பகுதிநேரப் படிப்பு. 2017-இல் தன்னாட்சிப் பல்கலைக்கழகமான அதில், பகுதிநேரம் படிக்கும் குடிமக்களுக்கும் அரசு மானியம் உண்டு. இந்தக் கடைசி வழி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பகுதிநேரம் என்றால் தரம் குறைவு என்று அப்பா நினைத்திருந்தார்.

செவ்வாய் இரவு விலகல் கடிதம் அனுப்பினார்கள். ஆறாவது வேலை நாள். முடிவு அவர்களுடையது, நான் வரிகளைச் சரிபார்த்தேன், அவ்வளவே.

காரணங்களை அப்பா வாயால் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். முதலாவது கடன். தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் அதே 33,000 ஆனாலும், வட்டியில்லாமல் படித்து முடித்துப் பிள்ளை கட்டுகிற கடன். இங்கே முதல் மாதத்திலிருந்து அவர் தலையில். இன்னும் சில ஆண்டில் ஓய்வு வயதைத் தொடும் ஓட்டுநர் அவர். இரண்டாவது, மகள் சொன்ன அந்த வரி. மூன்றாவதாக, தயங்கித் தயங்கி, “அவனுக்கு இது புடிக்கலேன்னு எனக்குத் தெரியும், தம்பி. டிகிரி இல்லாம நிக்கிறானேன்னு பயந்துட்டேன்.”

அம்மா காரணம் எதுவும் சொல்லவில்லை.

அதன் பிறகு

4,251 வெள்ளியில் 3,825 வெள்ளி 90 காசு திரும்பி வந்தது. கல்லூரி இழுத்தடிக்கவில்லை, ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள் கொடுத்துவிட்டது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். விண்ணப்பக் கட்டணத்தோடு சேர்த்து இழப்பு 752 வெள்ளி 10 காசு.

2024 செப்டம்பரில் பையன் ஒரு கட்டடப் பராமரிப்பு நிறுவனத்தில் தொழில்நுட்பராகச் சேர்ந்தான். சம்பளம் 2,450. முதல் மூன்று மாதம் சுழல்முறை வேலை. அதிகாலை வீட்டுக்கு வந்து பகல் முழுவதும் தூங்குவான். தீபாவளிக்கு வந்த உறவினர்கள் “என்ன படிக்கிறான்?” என்று கேட்டபோதெல்லாம் அப்பா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார் என்று மகள் எனக்குச் சொன்னார். அந்த ஆறு மாதம் வீட்டில் எல்லாருக்குமே கடினம். நான் சொன்ன வழி சரிதானா என்று எனக்கும் சந்தேகம் வந்த நாட்கள் உண்டு.

2025 தொடக்கத்தில் இரண்டு இடத்துக்கு விண்ணப்பித்தான். முழுநேரப் பொறியியல் படிப்பு ஒன்றுக்கு நேர்காணல் வரை அழைத்தார்கள், இடம் கிடைக்கவில்லை. ஆனால் போன ஆண்டு நேர்காணலுக்கே அழைப்பு வரவில்லை என்பதை அவன் குறித்துக்கொண்டான். பகுதிநேரத்தில், கட்டட, திட்ட மேலாண்மைப் படிப்பில் இடம் கிடைத்தது. ஜூலையில் தொடங்கினான். வேலை முடிந்து, சமூக அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கும் கிளமெண்டி ரோட்டுக்கு ஓடி, பத்து மணிக்கு மேல் அங்கிருந்து கிளம்பி ஈசூனுக்குத் திரும்புவது எளிதில்லை. முதல் பருவத்தில் ஒரு பாடத்தில் தோற்றான், அதை மறுபடி எடுக்கிறான்.

நிறுவனம் அவனை இப்போது குளிரூட்டு இயந்திரப் பிரிவுக்கு மாற்றிவிட்டது. சம்பளம் 2,900. படிப்புக்கான கட்டணத்தை மானியம் போக அவனே கட்டுகிறான். வங்கிக் கடன் எடுக்கவில்லை.

இதற்கிடையில் 2025-இல் வந்த அடுத்த கணக்கெடுப்பில், தனியார் நிலையப் பட்டதாரிகளில் முழுநேர நிரந்தர வேலை கிடைத்தவர்கள் பாதிக்கும் கீழே, 46.4 விழுக்காடு. இதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. அப்பாவே நாளிதழில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். அவர் குரலில் நிம்மதி இல்லை, கவலைதான் இருந்தது. பையனின் படைமுகாம் நண்பன் ஒருவன் அதே கல்லூரியில், அதே வகுப்பில் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கிறான்.

மறுபடி செய்தால்

முதலில் பையனோடு தனியாகப் பேசுவேன். திங்கட்கிழமை காப்பிக் கடையில் தெரிந்தது சனிக்கிழமையே தெரிந்திருந்தால், பாதிப் பேச்சு தேவைப்பட்டிருக்காது. பெற்றோர் முன்னால் அந்தக் கேள்விக்கு அவன் பதில் சொல்லியிருக்க மாட்டான்.

எண்களைக் கடைசியில் வைப்பேன். வீட்டில் ஏற்கெனவே யாராவது தனியாரில் படித்திருக்கிறார்களா என்று கேட்டு, அவர்கள் அனுபவத்தை முதலில் அவர்கள் வாயால் பேசவிடுவேன். மகள் ஞாயிற்றுக்கிழமை வந்திருக்காவிட்டால் இந்த முடிவு வேறு மாதிரி போயிருக்கும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே குடும்பங்கள் வந்தால் இன்னும் நல்லது. அதற்காக இப்போது மே மாதமே, நிராகரிப்புக் கடிதங்கள் வரும் சமயத்தில், மன்றத்தில் ஒரு சனிக்கிழமையை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். போன ஆண்டு ஒன்பது குடும்பங்கள் வந்தன. அவர்களில் இரண்டு பிள்ளைகள் தனியாரிலேயே சேர்ந்தார்கள், ஒருத்தி கணக்கியலில், இன்னொருவன் வேலை பார்த்துக்கொண்டே மாலை நேரத்தில். அந்த இரண்டும் சரி என்றுதான் நினைக்கிறேன்.

பையன் பட்டம் முடிக்க இன்னும் குறைந்தது மூன்று ஆண்டு ஆகும். அவன் நண்பன் இந்த ஆண்டே முடித்துவிடுவான். அவனுக்கு என்ன வேலை கிடைக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.